உருண்டை காட்டிய ஐம்பத்து நான்கு

கட்டடப் பொருள்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அந்தக் கூடத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் அரைப்புள்ளி. எந்த அளவீட்டிலும் நூற்றுக்கு அரைப் புள்ளி வித்தியாசம் வந்தால்கூட விடமாட்டாள். கழற்றி மறுபடி மாட்டி மறுபடி அளப்பாள். சண்டை என்று வந்தாலும் முற்றுப்புள்ளி வைக்கமாட்டாள், அரைப்புள்ளி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்வாள் என்று சிமெண்ட் பிரிவில் கேலி பேசினார்கள். அந்தப் பெயர் காதுக்கு எட்டிய அன்று, "முழுப் புள்ளியையே கோட்டை விடறவங்களுக்கு அரைப் புள்ளியைப் பத்தி என்ன தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் நான்கும் கறுப்பு. நடுவில் மேசை, மேசைமேல் மிஷின். மிஷினின் இதயம் என்று சொல்ல வேண்டுமானால் அது ஓர் உருண்டை. பெரிய ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது, உள்ளே பூராவும் வெள்ளை. அதற்கு ஒரு வாய் உண்டு, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்று அகலம். வாயில் எதையும் வைக்காமல் விளக்கைப் போட்டால் உள்ளே போகிற வெளிச்சம் நூறு. பிறகு கூரை ஷீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாயை மூடினால், ஷீட்டைத் தாண்டி எவ்வளவு உள்ளே போகிறதோ அதுதான் அந்த ஷீட்டின் எண். பள்ளிக்கூடம், தொழிற்சாலை, செடி வளர்க்கும் கொட்டகை, எதற்குக் கூரை போட்டாலும் பகல் வெளிச்சத்தில் நூற்றுக்குக் குறைந்தது அறுபது உள்ளே விட வேண்டும் என்பது விதி. அறுபதும் அதற்கு மேலும் தேறும். ஐம்பத்தொன்பதரை தேறாது. பதின்மூன்று வருஷமாக அந்தக் கோட்டுக்குக் காவல் அவள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் காவல் அறையைத் தாண்டி, வரவேற்பு மேசையைத் தாண்டி, யாரையும் கேட்காமல் ஒரு பெண் அந்தக் கறுப்பு அறைக்குள் நுழைந்தாள். ஐம்பதை நெருங்கிய வயது, முழங்கைவரை சுருட்டிய சட்டை, கையில் சான்றிதழ். ஊருக்கு வெளியே சின்னதாக ஷீட் பட்டறை நடத்துகிறவள். தடிமனான, பால்போல வெள்ளையான ஷீட் போடுவதுதான் அவளுடைய தொழில்.

"ஐம்பத்து நாலுன்னு போட்டிருக்கீங்க," என்றாள்.

"ஆமா. அளந்தா அதான் வந்துச்சு."

"உங்க மிஷின் பொய் சொல்லுது மேடம்."

அரைப்புள்ளிக்கு மூக்கின் நுனியில்தான் கோபம். எழுந்து நின்றாள். "இங்க பாருங்கம்மா. இந்த அறையில ஷீட் ஃபெயில் ஆகும், ஆள் ஃபெயில் ஆகலாம். மிஷின் ஃபெயில் ஆகாது. மாசாமாசம் சரிபார்க்கறேன். உங்க கண் எதிர்லயே மூணு தடவை அளக்கறேன், பாருங்க."

அளந்தாள். ஐம்பத்து நாலு. கழற்றித் துடைத்து மாட்டினாள். ஐம்பத்து நாலு. வேறொரு துண்டு. ஐம்பத்து மூன்று புள்ளி எட்டு. வெற்றியோடு திரும்பினாள். ஷீட்டுக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்ல முடியாது; அவள் முகம் சிவந்துதான் போயிருந்தது.

"மூணு தடவை சொன்னா பொய் நிஜமாயிடுமா? நான் அந்த ஷீட்டுக்குக் கீழதான் பதினஞ்சு வருஷமா வேலை பார்க்கறேன். பக்கத்துப் பட்டறைல மெல்லிசு ஷீட். நீங்க அதுக்கு அறுபத்து ரெண்டு போட்டுப் பாஸ் பண்ணிட்டீங்க. ரெண்டு கூரைக்குக் கீழயும் நின்னு பார்த்தா ஒரே வெளிச்சம். அவன் ஷீட் ரெண்டு மழைல விரிசல் விடுது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நோட்டு நனைஞ்சு உட்கார்ந்திருக்கு. என் ஷீட் இருபது வருஷம் நிக்கும். அதை நீங்க உள்ளயே விடமாட்டேங்கறீங்க. வந்து நின்னு பாருங்க. இந்த இருட்டு அறைல உட்கார்ந்துகிட்டு வெயிலைப் பத்திப் பேசாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. வேறு யாராக இருந்தாலும் காவலாளியைக் கூப்பிட்டிருப்பார்கள். அரைப்புள்ளி வெளிச்ச மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க, போலாம். தப்புன்னு காட்டிட்டு வரேன்," என்று கிளம்பினாள். ஷீட்டுக்காரம்மாவின் வேனில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். ஓட்டுநர் பாட்டுப் போடப் போனவர் இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

பட்டறை முற்றத்தில் நல்ல உச்சி வெயில். ஒரு முழு ஷீட்டை இரண்டு மரச்சட்டங்களின் மேல் படுக்கப் போட்டார்கள். பக்கவாட்டு வெளிச்சம் நுழையாமல் நான்கு புறமும் கறுப்புத் துணி கட்டச் சொன்னாள் அரைப்புள்ளி. மீட்டரை வெயிலில் வைத்துக் குறித்தாள், ஷீட்டின் அடியில் வைத்துக் குறித்தாள், வகுத்தாள். அறுபத்திரண்டு. துணியை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னாள். அறுபத்திரண்டு. மீட்டரை மாற்றி வைத்தாள், நகர்த்தி வைத்தாள், சட்டங்களை வேறு பக்கம் திருப்பினாள். அறுபத்திரண்டரை. அறுபத்தொன்று புள்ளி ஒன்பது. கழுத்தில் வேர்வை வழிந்தது. எட்டுப் புள்ளி. அரைப் புள்ளிக்காகப் பதின்மூன்று வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டவளுக்கு முன்னால் எட்டுப் புள்ளி உட்கார்ந்திருந்தது.

ஷீட்டுக்காரம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "சொன்னேனே" என்று அவள் சொல்லியிருந்தால் அரைப்புள்ளிக்குச் சண்டை போட ஒரு வழி கிடைத்திருக்கும். அவள் அதையும் சொல்லித் தொலைக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் ஆளாக வந்து, கதவைத் தாழிட்டு, அந்தத் துண்டை உருண்டையின் வாயில் மாட்டி விளக்கைப் போட்டாள். மிஷினின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுங்கண்ணால் பார்த்தாள். வாயின் மேல் விழுந்த வெளிச்சம் ஷீட்டுக்குள் போய், பாலில் விழுந்த சாயம் போல நாலா பக்கமும் பரவி, வாயைத் தாண்டி ஒரு வட்டமாக ஜொலித்தது. உலோக விளிம்பைச் சுற்றி, இரண்டு விரல் அகலத்துக்கு, மென்மையான ஒரு வளையம்.

அந்த வளையத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கூடத்தைப் பார்க்க வருகிற கல்லூரி மாணவர்களுக்கு மூடியைத் திறந்து அதைத்தான் காட்டுவாள். "அழகா இருக்கில்ல?" என்று கேட்பாள். எல்லோரும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வளையம் எங்கிருந்து வந்த வெளிச்சம்? ஷீட்டைக் கடந்துவிட்ட வெளிச்சம்தான். உருண்டையின் வாய்க்குள் போயிருக்க வேண்டியது, பக்கவாட்டில் நழுவி, வாய்க்கு வெளியே வழிந்து, யார் கணக்கிலும் சேராமல் கறுப்புச் சுவரில் போய்ச் செத்தது. மெல்லிய ஷீட்டில் பரவ இடம் இல்லை, அதனால் இழப்பும் இல்லை. ஷீட் தடிக்கத் தடிக்க வெளிச்சம் பக்கத்தில் ஓடுகிறது, சின்ன வாய் அதைப் பிடிக்க முடியாமல் விடுகிறது. ஷீட் வெளிச்சத்தைத் தின்னவில்லை. மிஷின்தான் சிந்தியது.

ஒரு தகரத் துண்டில் பென்சில் முனை அளவுக்கு ஓட்டை போட்டு விளக்கின் முன்னால் வைத்தாள். இப்போது வாயின் நட்ட நடுவில் மட்டும் பொட்டுப் போல வெளிச்சம் விழுந்தது. விளிம்புவரை பரவி வெளியே ஓடுவதற்குள் பெரும்பகுதி உள்ளே போய்விடும். எண்ணைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. அதே ஷீட், அதே மிஷின், அதே கை. விளக்கைச் சுருக்கியதும் நாலு புள்ளி ஏறிவிட்டது.

"அடிப்பாவி," என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். "பதிமூணு வருஷம் வழிஞ்சதை வேடிக்கை காட்டியிருக்கே."

மேனேஜர் அறைக்குப் போனபோது அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், யாரையும் வையமாட்டார். எந்தப் பிரச்சினை வந்தாலும் அதை ஒரு கோப்புக்குள் படுக்கவைத்துப் போர்த்திவிடுவதில் கைதேர்ந்தவர். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஷீட்டைக் காட்டினாள், வளையத்தின் படத்தைக் காட்டினாள்.

"சரிம்மா. வாய் எவ்வளவு பெரிசா இருக்கணும்னு விதியில எழுதியிருக்கா?"

"இல்ல சார்."

"நாம விதிப்படி அளந்தோமா இல்லையா?"

"அளந்தோம்."

"அப்ப தப்பு நம்மளுது இல்லையே."

"அப்ப யாருது சார்? ஷீட்டோடதா?"

மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகவில்லை. "பழசையெல்லாம் கிளறினா எங்க போய் நிக்கும், யோசிச்சுப் பாருங்க. எத்தனை ரிப்போர்ட் குடுத்திருக்கோம். எல்லாத்துலயும் உங்க கையெழுத்தும் இருக்கு, என் கையெழுத்தும் இருக்கு."

"அதனாலதான் சார் வந்திருக்கேன்."

"இனிமே வர்ற தடிமன் ஷீட்டுங்களை நாம அளக்கலைன்னு சொல்லிடலாம். முடிஞ்சுது."

"இதுவரைக்கும் வந்ததுங்க?"

பிஸ்கட் டீயில் ஒடிந்து விழுந்துவிட்டது. அவர் கரண்டியால் அதைத் தேட ஆரம்பித்தார். அவள் கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அவ்வளவு கோபம்.

வீட்டில் அவள் கணவர் அன்று மாலை பட்ட பாடு பெரிது. டவுன் பஸ் ஓட்டுகிறவர், எட்டு மணி நேர ஹாரன் சத்தத்துக்குப் பிறகு நிம்மதியாக உட்காரலாம் என்று வந்தவர். அவள் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தபடி, "சிரிக்கறாருங்க! பல்லைக் காட்டறாரு!" என்று பாத்திரங்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா ஷீட் நிஜமா எவ்வளவுதான் விடும்?" என்று கேட்டார் அவர்.

அவள் நின்றாள். "தெரியாது. வெயில்ல துணி கட்டி அளந்தது குத்துமதிப்பு. பெரிய உருண்டை வேணும். வாய் இவ்வளவு அகலம் இருக்கணும்," என்று சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"உருண்டைதானே? ரெண்டு அண்டாவைக் கவுத்து ஒட்டினா உருண்டை."

விளையாட்டாகத்தான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வெல்டிங் பட்டறையில் நின்றுகொண்டிருந்தார், இரண்டு அடி அகலமுள்ள இரண்டு அலுமினிய அண்டாக்களோடு, வாயோடு வாய் வைத்து எப்படி இணைப்பது என்று கேட்டுக்கொண்டு. இடம் ஷீட்டுக்காரம்மா கொடுத்தாள், அவள் பட்டறையின் பின்புறம். உள்ளே பளபளப்பில்லாத வெள்ளைப் பெயிண்டை அரைப்புள்ளியே ஏழு பூச்சு பூசினாள். மேலே தட்டு அகலத்துக்கு ஓட்டை. பக்கத்தில் மீட்டருக்கு ஒரு துளை. ஷீட்டிலிருந்து வெளிச்சம் நேரே மீட்டரின் முகத்தில் அடிக்காமல் இருக்க ஒரு சின்ன வெள்ளைத் தட்டியை உள்ளே குறுக்கே வைத்தாள். சூரியன்தான் விளக்கு. முழு ஷீட்டையும் ஓட்டையின் மேல் படியப் போட்டுவிட்டால், ஓட்டைக்கு மேலிருந்து பக்கத்தில் ஓடிப்போகிற வெளிச்சத்துக்கு ஈடாக அக்கம்பக்கத்து ஷீட்டிலிருந்து அதே அளவு ஓடி வந்து சேரும். போனதும் வந்ததும் சரியாகிவிடும்.

மேகமில்லாத நாளாகப் பார்த்து அளந்தார்கள். ஓட்டை திறந்திருக்கும்போது நூறு. ஷீட்டைப் போட்டார்கள். அறுபத்தெட்டு.

ஷீட்டுக்காரம்மா கத்தியே விட்டாள். "அறுபத்தெட்டு! பார்த்தியா அக்கா! எழுதிக் குடு, நாளைக்கே போய் அந்த ஆள் மேசைல அடிக்கறேன்."

அரைப்புள்ளி எழுதவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஷீட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். "இதுவும் தப்பு," என்றாள்.

"என்னது?"

"ஓட்டை திறந்திருக்கறப்ப உள்ள போன வெளிச்சத்துல கொஞ்சம் அதே ஓட்டை வழியா வெளிய போயிடுது. உன் ஷீட்டைப் போட்டதும் அது வெள்ளை மூடி மாதிரி ஆயிடுது. வெளிய போகப் பார்க்கற வெளிச்சத்தைத் திருப்பி உள்ள தள்ளுது. அதனால உள்ள கூடுதலா வெளிச்சம். அது ஷீட் விட்ட வெளிச்சம் இல்ல, ஷீட் திருப்பி அடிச்ச வெளிச்சம்."

"குறைச்சுச் சொன்னப்ப விதின்னீங்க. இப்ப அதிகமாச் சொன்னா தப்புங்கறீங்க. உங்களுக்கு என் ஷீட் மேல என்னதான் கோபம்?"

"உன் ஷீட் மேல இல்லடி! நம்பர் மேல!"

அன்று இரண்டு பேரும் போட்ட சண்டையில் பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். ஷீட்டுக்காரம்மா ஒரு கட்டத்தில் அண்டாவை உதைக்கப் போனாள். அரைப்புள்ளி குறுக்கே நின்றாள். "நாளைக்கு எவனாவது வந்து இந்த அறுபத்தெட்டைப் பிடிச்சு ஆட்டினா, நிஜமான நம்பரும் சேர்ந்து செத்துப்போயிடும். அப்ப என்ன பண்ணுவே?" என்று கேட்டாள்.  ஷீட்டுக்காரம்மா போய்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

திருத்தம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. அண்டாவுக்குள் ஓரமாக ஒரு சின்ன பல்பு. வெயிலை மறைத்துவிட்டு அந்த பல்பை மட்டும் எரியவிட வேண்டும். ஓட்டை திறந்திருக்கும்போது மீட்டர் என்ன காட்டுகிறது, ஷீட்டால் மூடினால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பல்பு மாறவில்லை, அப்படியானால் ஏறியது முழுக்க ஷீட் திருப்பி அடித்ததால். நூறு இருந்த இடத்தில் நூற்றெட்டு காட்டியது. அறுபத்தெட்டை அந்த விகிதத்தால் வகுத்தாள். அறுபத்து மூன்று. நான்கு நாள், நாளுக்கு ஆறு முறை. அறுபத்து மூன்றைவிட்டு அது நகரவில்லை.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மேனேஜர், "அண்டாவுல அளந்ததையா சான்றிதழா குடுக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று அவளுக்கே தோன்றியதால்தான் எரிச்சல் கூடியது. வேறு நகரத்தில் பெரிய உருண்டை வைத்திருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஷீட்டை அனுப்பச் சொன்னாள். அவர் தட்டிக் கழித்தார். ஷீட்டுக்காரம்மாவே அதை வேனில் போட்டுக்கொண்டு ஒருநாள் முழுக்கப் பயணம் செய்து கொடுத்துவிட்டு வந்தாள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது: அறுபத்து மூன்று புள்ளி இரண்டு.

அன்று மதியம் மேனேஜர் எல்லோரையும் கூட்டி, "நம்ம கூடத்தோட விழிப்புணர்வால ஒரு முக்கியமான அளவீட்டுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டிருக்கு," என்று பேசினார். கைதட்டினார்கள். பெரிய உருண்டை வாங்க மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். அரைப்புள்ளி கையைத் தட்டவில்லை. எழுந்து, "பழைய ரிப்போர்ட்டுக்கெல்லாம் எப்ப சார் கடிதம் போடறோம்?" என்று கேட்டாள். கூட்டம் அதோடு கலைந்தது.

பழைய கோப்புகளை அவள் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள். தடிமனான பால் ஷீட்டுகள், அறுபதுக்குக் கீழே என்று அவள் கையெழுத்துப் போட்டவை, மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாமே நல்லவை என்று சொல்ல முடியாது. எது நல்லது, எது நிஜமாகவே இருட்டு என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் அதில் கொடுமை. கூடத்தின் தாளில் கடிதம் எழுத அனுமதி இல்லை என்று எழுத்தில் வந்தது. சரி என்று கோடு போட்ட சாதாரணத் தாள் வாங்கி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாற்பத்தொரு கடிதத்தையும் கையால் எழுதினாள். "இந்தத் தேதியில் உங்கள் ஷீட்டுக்கு நான் கொடுத்த எண் தவறாக இருந்திருக்கலாம். காரணம் கீழே. மறுபடி சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இப்படிக்கு, அளந்தவள்." கணவர் பக்கத்தில் உட்கார்ந்து உறைகளை ஒட்டினார். முப்பதாவது உறையில், "என் நாக்கு இப்ப ஷீட் மாதிரி ஆயிடுச்சும்மா, அளந்து பாரு, வெளிச்சமே போகாது," என்றார். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

பலனாக வந்தது விளக்கம் கேட்டு ஒரு மெமோ. "எழுதியது உண்மை. உண்மையை எழுத அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை," என்று இரண்டு வரியில் பதில் கொடுத்தாள். வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த மிஷினை ஓட்ட வேறு ஆள் இல்லை. வர வேண்டிய பதவி உயர்வு மட்டும் வராமல் நின்றது. கடிதங்களுக்கு ஐந்து பேர் பதில் போட்டார்கள். ஒருவர் வக்கீலை வைத்துப் பார்த்துக்கொள்வதாக எழுதினார். அவருக்கு அவள் ஆதாரங்களின் நகலையும் சேர்த்து அனுப்பிவைத்தாள். ஒரு கடிதம் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

திரும்பி வந்த கடிதம்தான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட், ஐம்பத்தாறு. விசாரித்துப் பார்த்தால் அந்தப் பட்டறை அந்த வருஷமே மூடப்பட்டிருந்தது. முதலாளியாக இருந்தவர் இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார் என்று ஷீட்டுக்காரம்மா கேட்டுச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை காலை அரைப்புள்ளி தனியாகப் போனாள்.

குறுகலான சந்தில் கடைசி வீடு. வேனைக் கழுவிக்கொண்டிருந்தார், அறுபது வயசிருக்கும். யார் என்று சொன்னாள். எதற்கு வந்தேன் என்று சொன்னாள். அவர் குழாயை மூடினார். கடிதத்தை வாங்கிப் படித்தார், ஈரக்கையில் தாள் ஒட்டிக்கொண்டது.

"நான் அன்னிக்கு உங்ககிட்ட வந்தேன். மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இல்லங்க."

"மூணு தடவை அளந்து காட்டினீங்க. மூணும் ஒரே நம்பர். நானே நம்பிட்டேன். நம்ம ஷீட்லதான் கோளாறுன்னு வெளுப்புக்குப் போடற மாவைக் குறைச்சேன், கலவையை மாத்தினேன், தடிமனைக் குறைச்சேன். அப்புறம் அது விரிசல் விட ஆரம்பிச்சுது. நல்லா இருந்த ஷீட்டை நானே கெடுத்தேன்."

 தன்னைத் தவிர யாரையும் திட்ட வழியில்லாத இடத்தில் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை.

"முதல்ல போட்ட ஷீட் ஒண்ணு இருக்கு," என்று அவர் வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். துணி துவைக்கும் இடத்துக்கு மேலே, நாலு கம்பிகளின் மேல், பன்னிரண்டு வருஷ வெயிலைத் தாங்கிய பால் ஷீட். மஞ்சள் கொஞ்சம் ஏறியிருந்தது. விரிசல் ஒன்றுகூட இல்லை. அடியில் நின்ற இருவர் முகத்திலும் நிழல் விழாத வெளிச்சம்.

"அளந்து தர்றீங்களா?"

முழு ஷீட்டையும் கழற்றி அவருடைய வேனின் மேலேயே கட்டி, பட்டறைக்குக் கொண்டுபோய் நன்றாகக் கழுவி அண்டாவின் மேல் போட்டார்கள். ஷீட்டுக்காரம்மாவும் வந்து நின்றாள். வெயில், பல்பு, திருத்தம், எல்லாம் முடிந்து வந்த எண் அறுபத்தொன்று. அரைப்புள்ளி தேதியும் முறையும் போட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"இது இன்னிக்கு. புதுசா இருக்கறப்ப எவ்வளவு இருந்திருக்கும்?"

"கூடத்தான் இருந்திருக்கும். எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

"உத்தேசமா?"

"தெரியாதுங்க."

இத்தனை நேரம் அமைதியாக இருந்த மனிதர் அப்போதுதான் வெடித்தார். "அன்னிக்கு மட்டும் நம்பர் அவ்வளவு சுலபமா வந்துச்சே! கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து போட்டீங்களே! இன்னிக்கு ஒரு பேச்சுக்குக்கூட ஒரு நம்பர் சொல்லக் கூடாதா? அறுபத்தஞ்சுன்னு சொன்னா உங்க நாக்கு அழுகிடுமா?"

"சொன்னா அது உங்களுக்கு நான் குடுக்கற ரெண்டாவது பொய்," என்றாள். பார்வையைத் தாழ்த்தவில்லை. "என்னைத் திட்டுங்க. கேஸ் போடுங்க, நான் வந்து சாட்சி சொல்றேன். தெரியாததைத் தெரியும்னு மட்டும் இனிமே எழுதமாட்டேன்."

ஷீட்டுக்காரம்மா நடுவில் பேசப் போனாள். அரைப்புள்ளி கையைக் காட்டி நிறுத்தினாள். அவர் திட்டித் தீர்த்தார்; பன்னிரண்டு வருஷத்தில் சேர்ந்தது, சீக்கிரம் முடியவில்லை. வித்த வீடு வந்தது, பாதியில் படிப்பை நிறுத்திய மகள் வந்தாள், முகம் கொடுக்காத அண்ணன் வந்தார். அவள் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல் வெயிலில் நின்று கேட்டாள். அவர் ஓய்ந்ததும் மூவருமாக ஷீட்டைத் தூக்கி வேனின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். முடிச்சு சரியாக விழவில்லை என்று அவளே அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அந்தத் தாளை அவர் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏறி வேனைக் கிளப்பினார். வேன் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், மீதி நாற்பதின் பட்டியலை எடுத்து, இன்னும் பதில் போடாதவர்களில் முதல் முகவரிக்கு எந்த பஸ் போகும் என்று கணவருக்குப் போன் போட்டுக் கேட்டாள்.